வளரவில்லை என்பதும் இல்லை என்பதும்

அன்புத் தம்பிக்கு,

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே உன்னை லேபை விட்டு வெளியே அனுப்பி, வார்டு வார்டாக ஷவரில் தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். மைக்ரோபயாலஜி படித்தவன் செய்கிற வேலையா இது என்றும் கேட்டாய். நிதானமாகச் சொல்ல வேண்டிய பதில் என்பதால் எழுதுகிறேன்.

நீ தேடப்போவது லீஜியோனெல்லாவை. ஆறு குளங்களில் சிறிய அளவில் இருக்கிற பாக்டீரியாதான். கட்டடத்துக் குழாய்க்குள் நுழைந்து, அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்தால் பெருகிவிடும். குழாயின் உட்புறத்தில் படிகிற வழவழப்பான படலத்தில் அமீபாக்கள் மேயும். அவை இதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கிய அமீபாவுக்குள்ளேயே இது பெருகி வெளியே வரும். அந்தத் தண்ணீர் ஷவரிலிருந்தோ ஏசி கூலிங் டவரிலிருந்தோ நுண்துளியாகக் கிளம்பி ஒருவரின் நுரையீரலை அடைந்தால், கிருமியை விழுங்கி அழிக்க வருகிற அணுக்களுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும். வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே?

இந்தக் கிருமியின் வரலாற்றில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு மாநாடு கூட்டியது. ஊர் திரும்பியவர்கள் கடும் காய்ச்சலும் நிமோனியாவுமாக விழுந்தார்கள். ஹோட்டல் பக்கம் வந்துபோன சிலரையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியில் ஜோசப் மெக்டேட் நோயாளிகளின் மாதிரிகளைக் கினி பன்றிகளுக்குச் செலுத்தி ஸ்லைடு பார்த்தார். ஆங்காங்கே ஒன்றிரண்டு கோல் வடிவ பாக்டீரியா தெரிந்தது. வெளியிலிருந்து கலந்திருக்கும் என்று விட்டுவிட்டார். கோழிமுட்டைக் கருவில் வளர்த்தபோதோ, வேறு பாக்டீரியா வரக் கூடாதென்று வழக்கப்படி ஆன்டிபயாடிக் சேர்த்திருந்தார். தேடிய கிருமியையே அது தடுத்துவிட்டது.

மாதங்கள் கழிந்தன. அந்தக் கோல்கள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. டிசம்பர் கடைசியில், ஊரே விடுமுறையில் இருக்க, பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்த்தார். ஓரிடத்தில் கொத்தாக இருந்தன. இந்த முறை ஆன்டிபயாடிக் இல்லாமல் முட்டையில் வளர்த்தார். வளர்ந்தது. நோயாளிகளின் சீரம் அதை அடையாளம் கண்டது. 1977 ஜனவரியில் உலகுக்குச் சொன்னார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1968இல் மிச்சிகனின் போன்டியாக் நகரிலிருந்த ஒரு சுகாதாரத் துறைக் கட்டடத்தில் 144 பேருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்திருந்தது, யாரும் இறக்கவில்லை. அவர்களின் ரத்த மாதிரிகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துச் சோதித்தால், அதே கிருமி! விடை கிடைக்காத மாதிரியைத் தூக்கி எறியாமல் வைத்த அந்தக் கைக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு.

என் கதையையும் கேள். உன் வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற அவசரம். மூன்றாம் நாள் கறுப்பு அகார் தட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. ரிஜிஸ்டரில் 'லீஜியோனெல்லா இல்லை' என்று எழுதி, தட்டுகளைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். என் சீனியர் அக்கா அவற்றை எடுத்துத் திரும்ப இன்குபேட்டரில் வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஒரு தட்டை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துக் காட்டினார். தேய்த்த கண்ணாடி போன்ற சாம்பல் நிறக் காலனிகள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஒரு வார்டின் குளியலறைத் தண்ணீர் அது. அக்கா என்னைத் திட்டவில்லை. என் வரியை அடித்துவிட்டு, "வளரவில்லைன்னு எழுதலாம் தம்பி. இல்லைன்னு எழுத நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனை வருடம் என்னை வழிநடத்தியது. சாதாரண அகாரில் இது வளராது. சிஸ்டீனும் இரும்பும் வேண்டும். கிராம் சாயம் சரியாகப் பிடிக்காது. சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் ஒரே ஒரு வகையைத்தான் பிடிக்கும். இப்படிப்பட்ட கிருமியிடம் அவசரம் காட்டாதே. தட்டைப் பத்து நாள் வை. பென்சிலின் வகை மருந்து இதற்குப் பலிக்காது. அசித்ரோமைசினோ லெவோஃப்ளாக்சசினோ வேண்டும். நோயாளியின் மாதிரிக்கு நீ 'இல்லை' என்று எழுதினால், அந்த மருந்தை நிறுத்தச் சொல்வது போலத்தான் டாக்டர் படிப்பார்.

தண்ணீர் பிடிப்பதும் அப்படித்தான். குழாயைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் தேங்கிய தண்ணீர் போய்விடும். ஷவர்த் தலையில் தேங்கிய முதல் தண்ணீரைப் பிடி. குளோரினை முறிக்க பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கிறதா என்று பார். பிறகு வெந்நீரை ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தெர்மாமீட்டரை வை. டேங்கில் 60 டிகிரி, குழாயில் 50க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சூடாக்காத தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வது குளிர்நாட்டு விதி. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடித் தொட்டியில் அது நடக்காது. ஆகவே நமக்குக் குளோரினும், தொட்டி கழுவுவதும், தண்ணீரைத் தேங்கவிடாததும்தான் துணை. எந்தக் குழாய் எங்கே போய் முட்டி நிற்கிறது என்று உங்கள் பிளம்பருக்குத் தெரியும். அவரோடு டீ குடி. அண்ணே என்று கூப்பிட்டுக் கேள். வரைபடத்தில் இல்லாத குழாய்களெல்லாம் அவர் ஞாபகத்தில் இருக்கும்.

1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து பரவி 32 பேர் இறந்தார்கள். தண்ணீரில் கைகூட வைக்காமல் பக்கத்தில் நடந்துபோனவர்களையும் அது பிடித்தது. அங்கே யாராவது ஒருவர் முன்பே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பார்த்திருந்தால்? அந்த ஒருவராக இருக்கத்தான் உன்னை லேபை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

நாளைக்குப் போகும்போது மாஸ்க் போட்டுக்கொள். குழாயை மெதுவாகத் திற. சாரல் உன் முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்