குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் நோயாளியின் ஆகாரமும்

இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் முதலியவற்றுள் சிலவற்றிற்கு எலும்பு மஜ்ஜையையே புதிதாக வளரச் செய்யும் சிகிச்சை இன்று கையாளப்படுகிறது. மஜ்ஜையில் இருந்துகொண்டு இரத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் மூல அணுக்களுக்குக் குருத்தணுக்கள் என்று பெயர். கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை ஒடுக்கியபின், நோயாளியிடமிருந்தே முன்னர் எடுத்துவைத்த குருத்தணுக்களையோ பிறர் வழங்கியவற்றையோ இரத்தக் குழாயின் வழியே செலுத்துவர். நம் நாட்டில் இச்சிகிச்சை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-ஆம் ஆண்டிலும், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றது.

சிகிச்சை முடிந்து நோயாளி ஊர் திரும்பியதும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, “என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?” என்பதே. மருத்துவமனையோ தொலைவில் உள்ளது. ஆகவே கேள்வி சுகாதாரப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ வந்து சேர்கிறது. அச்சத்தினால் பலர் கூறும் விடை, “ரொட்டியும் பாலும் போதும், வேறெதுவும் வேண்டாம்” என்பது. இவ்விடை ஏன் தவறானது என்பதைக் காண்போம்.

புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்கள் யாவற்றையும் தாக்குகின்றன. குடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக் கொள்வது. அப்பணி தடைப்படவே வாயில் புண்ணும், வயிற்றுப்போக்கும், உணவில் வெறுப்பும் தோன்றுகின்றன. அதே சமயத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வீழ்ச்சியுறுகின்றன. அவற்றுள் நியூட்ரோபில் எனப்படுபவை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்கும் கீழே இறங்கிவிடும். புதிய குருத்தணுக்கள் வேரூன்றி அணுக்களை உண்டாக்க ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. அதுகாறும் குடலில் வாழும் கிருமிகளே நலிந்த சுவரைக் கடந்து இரத்தத்தில் புகக்கூடும். ஆபத்து வெளியிலிருந்து உணவுடன் வருவது மட்டுமன்று, உள்ளேயும் இருக்கிறது.

நம் குடலில் பல நூறு வகை நுண்ணுயிர்கள் கூடி வாழ்கின்றன. பலவகைப் பயிர் செழித்த நிலத்தில் களை எளிதில் பரவாதது போல, இவற்றின் பன்மை தீய கிருமிகளை அடக்கி வைக்கிறது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளாலும், உணவு குறைவதாலும் இப்பன்மை குன்றி, என்டெரோகாக்கஸ் போன்ற ஒரே இனம் மேலோங்குவதுண்டு. நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நகரங்களில் 1,300-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குடல் நுண்ணுயிர்ப் பன்மை மிகுந்திருந்தோரிடையே மரணம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, காரணத்தை ஐயமற நிறுவவில்லை. எனினும் அசட்டை செய்யத்தக்கதன்று.

காய், பருப்பு, தானியம் ஆகியவற்றின் நார்ப்பொருளை நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உண்டு, பியூட்டிரேட் என்னும் அமிலப் பொருளைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். மிச்சிகனில் பத்து நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கு மாச்சத்து கொடுத்துப் பார்த்ததில் குடலில் பியூட்டிரேட் மிகுந்ததாக 2023-இல் அறிவித்தனர். பத்துப் பேர் மிகச் சிறு தொகையே. மாறாக, பாற்சர்க்கரையை உண்டு என்டெரோகாக்கஸ் பெருகுவது 2019-இல் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. போதாக்குறைக்கு, புண்பட்ட குடலால் பாற்சர்க்கரையைச் சீரணிக்கவும் இயலுவதில்லை. பாலும் ரொட்டியுமே ஆகாரம் என்ற ஏற்பாட்டின் குறை இப்போது விளங்கும்.

பச்சைக் காய்கனிகளை அறவே விலக்கும் பழைய முறையும் ஆராய்ந்து பார்க்கப்பட்டது. இத்தாலியில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தூய்மை செய்த பழங்களையும் காய்களையும் அனுமதித்தனர். மற்றொரு பிரிவினருக்கு விலக்கினர். அனுமதித்தவரிடையே கடுந்தொற்று அதிகமாகவில்லை என்பது 2023-இல் வெளிவந்தது. கைகழுவுதல், காய்கனிகளைக் கழுவுதல், நன்றாக வேகவைத்தல் ஆகியவையே முதன்மையானவை. ஆனால் நோயாளியின் மருத்துவமனை விலக்கியிருப்பின் அதற்கே கீழ்ப்படிய வேண்டும்.

நம் சமையலறையில் கவனிக்க வேண்டியவை சில உள. நலமுள்ளவருக்குப் பழைய சோறு நல்லுணவு, இந்நோயாளிக்கு ஆகாது. அரிசியிலுள்ள பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் அழிவதில்லை. சோறு வெறுமனே இருக்கும்பொழுது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகையால் சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் உண்பது நலம். இட்லி புளித்த மாவாயினும் ஆவியில் வெந்தது. சூடாக இருக்கையில் தாராளமாகக் கொடுக்கலாம். அதனுடன் பச்சைத் தேங்காய்ச் சட்னி வேண்டாம். கொதித்த சாம்பார் போதும். வடநாட்டுக் கிச்சடியும் இவ்வாறே ஏற்றது. மிளகுத்தூளை மேலே தூவாது, சமைக்கும்போதே சேர்க்க வேண்டும். உலர்ந்த மசாலைகளில் பூஞ்சை வித்துக்கள் இருக்கலாம். தயிரைப் பற்றி மருத்துவமனைகள் ஒரே முறையைக் கையாள்வதில்லை. நோயாளியின் குறிப்புத்தாளில் உள்ளபடி நடப்பதே சரி.

பம்பளிமாசுப் பழத்தையும் நாட்டுக் கஷாயங்களையும் மருத்துவரைக் கேளாது கொடுக்கலாகாது. பம்பளிமாசு இனப் பழங்கள், உறுப்பு ஏற்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடலாம். இனி அளவைப் பற்றி: ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவைப்படலாம். நன்கு வேகவைத்த ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. எனவே பருப்பு, முட்டை, மீன் இவற்றை ஆறு சிறு வேளைகளாகப் பங்கிட்டுக் கொடுப்பதே வழி. வாயால் உண்ண முடியாதவருக்குக் கூடுமானவரை குழாயின் வழியாகக் குடலுக்கே உணவளிக்க மருத்துவர் விரும்புவதற்கும் காரணம் உண்டு. குடலுக்கு வேலையிருந்தால்தான் அதன் சுவர் நலம் பெறும்.

பிறர் தந்த குருத்தணுக்களைப் பெற்றவரிடம், அவ்வணுக்களே குடலைத் தாக்குவதும் உண்டு. அப்பொழுது நீர் போன்ற கழிச்சல் உண்டாகும். அந்நிலையில் நாரும் பாலும் குறைக்கப்படும். மேற்கூறிய பொது முறைகள் பொருந்தா. நீர்போன்ற கழிச்சலோ, 38 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திற்கு மேற்பட்ட காய்ச்சலோ கண்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது அன்றைய தினமே மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் செய்க. இச்சிகிச்சை பெற்ற குழந்தை மருத்துவர் அனுமதியுடன் பள்ளிக்குத் திரும்பினால், வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆறிய உணவை விடப் பள்ளிச் சத்துணவில் சூடு ஆறாமல் பரிமாறும் பருப்புச் சோறே பாதுகாப்பாக இருக்கக்கூடும். சமையற்கூடத்தின் தூய்மையை ஆசிரியர் தாமே பார்த்தறிந்து, குழந்தைக்கு முதற் பந்தியிலேயே பரிமாறச் சொல்வாராக.