பல்லைக் காக்கப் படைத்த நுண்ணுயிர்

பாலாற்றங்கரையில் அமைந்த ஊர்களுள் வாலாஜாபாத்தும் ஒன்று. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் இருப்புப் பாதை இவ்வூர் வழியாகச் செல்கிறது. வண்டலூரில் தொடங்கி ஒரகடத்தைக் கடந்து வரும் சாலையும் இங்கு வந்து சேர்கிறது. ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் உழைப்போர் பலர் இச்சுற்றுவட்டாரத்தில் வாழ்கின்றனர். பகல் முறை, இரவு முறை என மாறி மாறி வேலை செய்வோர்க்குச் சர்க்கரையிட்ட தேநீரே களைப்பைப் போக்கும் துணை. பல் வலித்தால் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே மருத்துவரைக் காண வேண்டியிருப்பதால், வலி பொறுக்க இயலாத நிலை வரும்வரை நாள் கடத்துவோர் உண்டு. “ஒரு முறை பல்லில் தடவினால் போதும், வாழ்நாள் முழுதும் சொத்தை வாராது” என்று ஒரு மருந்தைக் காட்டினால் இத்தகையோர் மகிழாதிருப்பரோ? அப்படிப்பட்ட ஒன்றை ஆக்கும் முயற்சி உண்மையாகவே நடந்துள்ளது. ஆயினும், அதனை உடனே ஏற்பது தக்கதா என்பது ஆராய்தற்குரியது.

பல்லைப் புழு அரிப்பதாலேயே சொத்தை விழுகிறது என்று முற்காலத்தார் எண்ணினர். பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உண்மைக் காரணத்தை விளக்கினார். பல்லிடுக்கில் தங்கும் மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்கின்றன. அதனால் தோன்றும் அமிலம் பல்லின் வெண்ணிற மேற்பூச்சைக் கரைக்கிறது. இத்தொழிலில் முதன்மையான நுண்ணுயிர் ஒன்றைக் கிளார்க் என்பவர் 1924-இல் இலண்டனில் கண்டறிந்து, அதற்கு ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்று பெயரிட்டார். ஒரே வேளையில் மிகுதியாக இனிப்புண்பதைக் காட்டிலும், சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும் பருகுவதும் பல்லுக்கு அதிகக் கேடு செய்யும். ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாக ஊறுவதே அதற்குக் காரணமாகும்.

அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹில்மன் என்னும் அறிஞர் புதுவழி ஒன்றை நாடினார். பகைவனைக் கொல்வதினும் அவனுடைய இடத்தில் நண்பனைக் குடியேற்றுவது நன்று என்பது அவர் எண்ணம். மேற்கூறிய நுண்ணுயிரின் வகையொன்று, தன் இனத்தைச் சேர்ந்த பிற வகைகளை அழிக்கும் நஞ்சைச் சுரப்பதை அவர் கண்டார். அவ்வகையில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் மரபணுவை நீக்கினார்; அதற்கு ஈடாக, சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் வேறொரு நுண்ணுயிரின் மரபணுவைச் சேர்த்தார். இவ்வாறு உருவான நுண்ணுயிரைப் பற்றிய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எலிகளிடம் சோதித்தபோது, அது பழைய நுண்ணுயிரைக் காட்டிலும் மிகக் குறைவான சொத்தையையே விளைத்தது.

இதன் நன்மை சிறிதன்று. சொத்தையால் உணவு உண்ண இயலாமலும் உறக்கமின்றியும் வருந்தும் சிறுவர் எண்ணற்றோர். மருத்துவர் தொலைவில் உள்ள சிற்றூர்களுக்கும், பொருள் வசதியற்ற குடும்பங்களுக்கும் ஒரு முறை செய்யும் காப்பு பெரும் பேறாகும். இதனை எண்ணாமல், புதுமை என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

எனினும் துலாக்கோலுக்கு மற்றொரு தட்டும் உண்டு. வாயில் நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தும் எதிர்த்தும் வாழ்கின்றன. நஞ்சு சுரக்கும் புதியது ஒன்று நெடுங்காலம் அங்குத் தங்கினால், நன்மை செய்வனவும் அழியக்கூடும். அது நாள்தோறும் சுரக்கும் சாராயம் சிறிதளவே ஆயினும், பல்லாண்டுகளில் அதனால் என்ன விளையும் என்பதைக் குறுகிய கால ஆய்வு காட்டாது. வாயில் வாழும் இவ்வகை நுண்ணுயிர்கள் ஈறு வழியே குருதியிற் கலந்து, பழுதுற்ற இதயத்தில் நோய் உண்டாக்குவதும் உண்டு. மேலும், அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் வேறும் இருத்தலால் சொத்தை முற்றிலும் ஒழிந்துவிடும் என்று உறுதி கூறவும் இயலாது.

இவை யாவற்றினும் பெரியது வேறொன்று. தாய் தன் வாயிலிட்டுச் சூடு பார்த்த சோற்றைக் குழந்தைக்கு ஊட்டும்போது, அவள் வாயிலுள்ள நுண்ணுயிர் குழந்தையின் வாயை அடைகிறது. செம்பை உதட்டில் படாது அண்ணாந்து பருகும் நம் நாட்டு வழக்கம் இத்தகைய பரவலைக் குறைப்பதாகும். ஒருவர் விரும்பி ஏற்ற புதிய நுண்ணுயிர், அவரிடமிருந்து விரும்பாத மற்றொருவருக்கும் செல்லக்கூடும். உண்ட மாத்திரை உடலைவிட்டு நீங்கும். உயிருள்ள பொருளோ பெருகும், பரவும்.

இவ்வேற்றுமையை விளக்கத் தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளின் துன்பமே சான்றாகும். புளோரைடு சிறிதளவில் பல்லுக்கு உறுதி தருவது. ஆனால் அப்பகுதிகளில் நிலத்தடி நீரில் அது மிகுந்திருந்தமையால் பற்கள் கறைபட்டன, எலும்புகளும் நலிந்தன. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு. ஆயினும், நீரை மாற்றினால் மேலும் கேடு சேராமல் தடுக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது அதற்காகவே. வாய்தோறும் பரவிய நுண்ணுயிரை அவ்வாறு மாற்றுவது எளிதன்று.

இதனை உணர்ந்தே, மனிதரிடம் சோதிக்க முற்பட்டபோது அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆணையம் கடுங்கட்டுப்பாடுகளை விதித்தது. டி-அலனின் என்னும் பொருளைத் தொடர்ந்து அளித்தாலன்றி வாழ இயலாதவாறு நலிவாக்கிய வகையே சோதனைக்கு ஆயத்தமாயிற்று. கேடு நேருமாயின் அப்பொருளை நிறுத்தி நுண்ணுயிரை ஒழித்துவிடலாம் என்பது கருத்து. இயற்கைப் பல்லின்றிக் கட்டுப்பல் அணிந்தோரையே முதலில் தெரிந்தெடுக்க முயன்றனர். ஏற்றவர் போதிய அளவில் கிடைக்காமையால் அம்முயற்சி நிறைவுறவில்லை. பின்னர் 2024-இல், இம்முறையில் அமைந்த நுண்ணுயிரை அந்நாட்டு நிறுவனம் ஒன்று மருந்தாக அன்றி ஒப்பனைப் பொருள் என்ற பெயரில் விற்கலாயிற்று. மருந்துக்குரிய சோதனைகள் முடியுமுன் விற்பது முறையா என்று அறிஞர் பலர் வினவினர்.

இத்துறையில் இந்தியர்க்கும் பங்குண்டு. வங்காளத்தில் 1938-இல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரை அமெரிக்காவில் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. உயிரை உருவாக்கும் உரிமை பெற்றால் அதனைக் கண்காணிக்கும் பொறுப்பும் வேண்டும் அன்றோ? நம் நாட்டில் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களை ஆக்குதல், பயன்படுத்தல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகள் 1989-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டன.

ஆகவே, புதிய பொருளை எடைபோடும்போது, ‘இது பயன் தருமா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. ‘தவறு நேர்ந்தால் திரும்பப் பெற இயலுமா? தாம் கேளாமலே இதற்கு உட்படுவோர் யார்? இதே பயனைத் தரும் எளிய வழி வேறு உண்டா?’ என்பவற்றையும் கேட்க வேண்டும். எளிய வழி உண்டு. இனிப்பை அடிக்கடி உண்ணாமை, உண்டபின் வாய் கொப்புளித்தல், காலையும் இரவும் புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குதல், பல்லில் கறுப்புப் புள்ளி தோன்றியவுடன் மருத்துவரைக் காண்டல் என்பனவே அவை. வேலை முடிந்து வாலாஜாபாத்துக்குத் திரும்பும் தொழிலாளியின் வீட்டிலும் இவை இயலும். புதிய நுண்ணுயிர் சோதனைகளில் வென்று வரும் நாளில் அதனை வரவேற்கலாம். அந்நாள்வரை பல் துலக்கும் கை ஓயலாகாது.