பல்லுக்குப் போடும் கேப் எத்தனை காலம் உழைக்கும்?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பல் சிகிச்சைக்கானவையும் இருக்கின்றன. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போடுவதென்றால், அன்றாடக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. சிலர் நகையை அடகு வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் செலவுக்குப் பயந்து, காப்பாற்றக்கூடிய பல்லையே பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு கொடுத்துப் போட்டால் ஆயுசுக்கும் வருமா?"

ஆயுசுக்கும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. நன்றாகச் செய்து நன்றாகப் பேணினால் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கும் கேப்புகள் உண்டு. இரண்டே ஆண்டில் கழன்று வருவனவும் உண்டு. இந்த வேறுபாடு பெரும்பாலும் கேப்பின் விலையால் வருவதில்லை. அதற்குக் கீழே மிஞ்சியிருக்கும் பல், சுற்றியுள்ள ஈறு, நம் அன்றாடச் சுத்தம் ஆகிய மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன. பணம் கொடுக்கும் முன் இதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கேப் எதற்காக?

ரூட் கெனால் செய்யும் பல்லில் சொத்தை ஏற்கெனவே பெரும்பகுதியைத் தின்றிருக்கும். வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய மேலிருந்து துளையும் போடுவார்கள். மிஞ்சும் சுவர்கள் மெல்லியவை. கடைவாய்ப் பல்லில் விழும் கடியின் அழுத்தத்தில் அவை பிளந்துவிடக்கூடும். பிளவு வேர்வரை போய்விட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. எனவே, "வலி போய்விட்டதே, கேப்பை அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது, ரூட் கெனாலுக்குக் கொடுத்த பணத்தையும் சேர்த்து இழக்கும் வழி.

எந்தப் பொருள் எப்படி உழைக்கும்?

பீங்கானால் பல்லுக்கு முழு உறை செய்யும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் உருவாக்கினார். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அது எளிதில் உடைந்தது. பின்னர் 1962இல் காப்புரிமை பெற்ற முறையில், உலோகக் கூட்டின்மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டினார்கள். நம் ஊர்களில் இன்றும் பலருக்குப் போடப்படும் 'மெட்டல் செராமிக்' கேப் இதன் வழிவந்ததே. இதில் உள்ளே இருக்கும் உலோகம் உடைவது அரிது. மேலிருக்கும் பீங்கான் சில்லுப் பெயர்வதும், ஈறு இறங்கும்போது ஓரத்தில் கருங்கோடு தெரிவதும் இதன் குறைகள்.

'சிர்கோனியா' இப்போது பரவலாகிவிட்டது. பல் மருத்துவத்தில் பயன்படும் செராமிக் வகைகளில் இதுவே மிக வலிமையானது. கடைவாய்ப் பல்லுக்கு முழுதும் சிர்கோனியாவால் ஆன கேப் நன்கு பொருந்தும். ஆனால் இயற்கைப் பல்போல ஒளி ஊடுருவும்படி செய்யப்படும் அழகிய வகைகளுக்கு வலிமை சற்றுக் குறைவு. 'லித்தியம் டைசிலிகேட்' என்பது முன்பற்களுக்கு ஏற்ற, பார்வைக்கு மிக இயல்பான வகை. முழு உலோகக் கேப்புக்கு அழகு இல்லை. ஆனால் உழைப்பில் அது எதற்கும் சளைத்ததல்ல. வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு, கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மெட்டல் செராமிக்கானாலும் முழு செராமிக்கானாலும் ஐந்து ஆண்டு முடிவில் 100 கேப்புகளில் 90க்கு மேல் நிலைத்திருக்கின்றன. வகைக்கு வகை வேறுபாடு சில விழுக்காடுகள்தாம். எனவே விலை கூடிய கேப் அதே மடங்கு அதிகம் உழைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

கேப் எங்கே தோற்கிறது?

செராமிக்குக்குச் சொத்தை வராது. அதன் அடியில் இருக்கும் பல்லுக்கு வரும். கேப்பின் விளிம்பும் பல்லும் சேரும் இடம் ஈறை ஒட்டி இருக்கிறது. அங்கே உணவுத் துணுக்கு தங்கினால் கிருமி உள்ளே நுழைகிறது. ஒட்டும் சிமெண்டும் நாளடைவில் கரையலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இல்லை. உள்ளே சொத்தை பரவினாலும் அது வலித்து எச்சரிக்காது. உலோகமும் சிர்கோனியாவும் எக்ஸ்ரேயை மறைப்பதால், கேப்புக்கு நேர் அடியில் இருப்பது படத்திலும் சரியாகத் தெரியாது. கேப் ஆடும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. அதற்குள் பல் போதிய அளவு மிஞ்சாமல் போயிருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்வது இதற்காகவே.

கேப் பிடித்து நிற்க, ஈறுக்கு மேல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் சுற்றிலும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை உயர்ந்த கேப் போட்டாலும் அடித்தளம் இல்லாத வீடுதான்.

அடைப்பே போதுமென்றால்

சொத்தை சிறிதாக இருக்கும்போதே போனால் கேப்புக்கே வேலை இல்லை. பல் நிறத்தில் அடைக்கும் 'காம்போசிட்' நன்கு செய்தால் பத்து ஆண்டுகள்கூட வரும். அடைக்கும் நேரத்தில் எச்சில் படக் கூடாது என்பதால் மருத்துவர் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. வெள்ளி நிற 'அமால்கம்' நீண்ட நாள் உழைப்பதில் பெயர் பெற்றது. ஆயினும் அதில் பாதரசம் இருப்பதால் சுற்றுச்சூழல் கருதி உலக நாடுகள் அதைக் குறைத்து வருகின்றன. 'கிளாஸ் அயனோமர்' ஃப்ளூரைடை வெளியிடும். குழந்தைகளின் பற்களுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் ஏற்றது. கடைவாயில் தேய்மானம் அதிகம்.

மார்க்கம் தொடர்பான ஐயங்கள்

நிலையாக ஒட்டப்பட்ட கேப்பைக் கடமையான குளிப்புக்காகக் கழற்ற வேண்டியதில்லை என்பதே ஆலிம்கள் பொதுவாகத் தரும் விளக்கம். ஹனஃபி மத்ஹபில் அக்குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு, ஷாஃபி மத்ஹபில் சுன்னத். கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருப்போர் அதைக் கழற்றிவிட்டுக் கொப்பளிப்பதே பேணுதல். ஆண்களுக்குத் தங்கப் பல் கூடுமா என்றும் கேட்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கில் வாடை வந்தபோது, தங்கத்தால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி ஹதீஸில் உள்ளது. தேவைக்கு அனுமதி என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவர். அலங்காரத்துக்காக என்றால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேணும் முறை

மிஸ்வாக் செய்யும் வழக்கத்தை விட வேண்டாம். அதோடு காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃப்ளூரைடு பேஸ்டும் மென்மையான பிரஷும் கொண்டு, கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். பற்களுக்கு இடையே நூல் விட்டோ இடைப்பல் பிரஷ் கொண்டோ சுத்தம் செய்ய வேண்டும். ரமளானில் ஸஹர் முடித்துப் பல் துலக்காமல் படுப்பது பற்களுக்குக் கேடு. நல்லி எலும்பைக் கடிப்பது, பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பது, ஐஸ் மெல்லுவது ஆகியவை கேப்புக்கு எதிரி. உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரவில் மாட்டும் உறை கிடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் எளிதில் வரும் என்பதால் சர்க்கரைக் கட்டுப்பாடும் பல்லின் ஆயுளோடு சேர்ந்தது.

கேப் கழன்றுவிட்டால் கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள். கழுவி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஓரிரு நாளில் மருத்துவரிடம் செல்லுங்கள். அடியில் பல் நன்றாக இருந்தால் பல நேரங்களில் அதையே மீண்டும் ஒட்டலாம்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. கேப்பைத் தாங்கும் அளவுக்கு நல்ல பல் மிஞ்சியிருக்கிறதா?
2. ஈறு நோய் இருந்தால் அதை முதலில் குணப்படுத்துவீர்களா?
3. இந்த இடத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் எது பொருந்தும்?
4. வாரண்டி அட்டை எதற்கெல்லாம்? பெரும்பாலும் கேப் உடைந்தால் மட்டுமே. அடியில் பல் சொத்தையானால் பொருந்தாது.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவாக இருக்கும். பல நடை போக வேண்டியிருக்கும் என்பதே சிரமம்.

நம் அறக்கட்டளையிடம் பல் சிகிச்சைக்கு உதவி கோருவோர் எக்ஸ்ரேயையும் மேற்கண்ட கேள்விகளுக்கு மருத்துவர் தந்த பதில்களையும் கொண்டு வாருங்கள். நிற்காத பல்லுக்குச் செலவிடுவதும், நிற்கக்கூடிய பல்லைப் பிடுங்க விடுவதும் இரண்டுமே சமுதாயத்தின் பணத்துக்கும் உங்கள் உடலுக்கும் நஷ்டம். இரண்டும் அமானிதம். வீட்டில் குழந்தையின் பல்லில் கரும்புள்ளி தெரிந்தால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். சிறிய அடைப்போடு முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.