சைக்கிளும் காசும் ஒரே நேரத்துல கை மாறட்டும்! செகண்ட் ஹேண்ட் சைக்கிளுக்கு அக்கா டிப்ஸ்

ராத்திரி பூரா ஓஎல்எக்ஸ்லயும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்லயும் சைக்கிள் பார்த்துட்டு, விடிஞ்சதும் "அக்கா, இதை வாங்கிடட்டுமா?"ன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புற தம்பி தங்கச்சிங்க எனக்கு நிறைய. இன்னொரு பக்கம், பிள்ளை வளர்ந்துட்டான், 20 இஞ்ச் சைக்கிள் பால்கனியில துரு பிடிச்சுக் கிடக்கு, வித்துடலாமான்னு கேக்கிற அம்மாக்கள். ரெண்டு கட்சிக்கும் சேர்த்துச் சொல்லிடறேன், கேட்டுக்கோங்க.

முதல்ல ஒரே ஒரு விதி. சைக்கிளும் பணமும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, உன் கண்ணு முன்னாடி கை மாறணும். "அட்வான்ஸ் போடுங்க, வண்டி வந்துடும்"னாலும் சரி, "வண்டியைக் குடுத்து அனுப்புங்க, பணம் வந்துடும்"னாலும் சரி, பேச்சை அங்கேயே முடிச்சுக்கோ. இந்த மாதிரி ஆன்லைன் விற்பனையில நடக்கிற மோசடி பெரும்பாலும், இந்த ரெண்டையும் பிரிக்கிற தந்திரம்தான்.

வாங்கப் போறவங்களுக்கு

1. சைஸ் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தேடு. குழந்தைக்குன்னா வயசை வச்சு வாங்காதே, உயரத்தைப் பாரு. புதுசா ஓட்டப் பழகற பிள்ளைக்கு, சீட்டுல உக்காந்தா பாதம் முழுசா தரையில படணும். "வளர்ற பிள்ளைதானே"ன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கினா, பிரேக்குக்கு விரல் எட்டாது. பெரியவங்களுக்கு, ஃபிரேமோட மேல் பாருக்கு ரெண்டு பக்கமும் காலை ஊனி நின்னா, பார் உடம்புல இடிக்கக் கூடாது.

விளம்பரத்துல "26 சைஸ்"னு மட்டும் போட்டிருந்தா, டயர் பக்கவாட்டுல பொறிச்சிருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. லேடீஸ் சைக்கிள்ல பரவலா வர்ற 26-க்கு 1⅜ டயரும், எம்டிபி-ல வர்ற 26-க்கு 1.95 டயரும் பேருக்குத்தான் ஒரே 26. முதலாவது உக்கார்ற ரிம்மோட அளவு 590 மில்லிமீட்டர், ரெண்டாவதுக்கு 559. ஒண்ணுல இன்னொண்ணு ஏறாது. வீட்டுல பழைய டயர் இருக்கு, மாட்டிக்கலாம்னு கணக்குப் போட்டவங்க கவனிக்க வேண்டிய இடம் இது.

2. முதல் மெசேஜே "லாஸ்ட் பிரைஸ் என்ன?"ன்னு போடாதே. விக்கிறவருக்கு அன்னிக்கு அந்த மாதிரி இருபது மெசேஜ் வந்திருக்கும். மரியாதையா, நேரம் குறிச்சுப் பேசறவங்களுக்குத்தான் பதில் வரும். இப்படி அனுப்பிப் பாரு: "வணக்கம் சார், உங்க சைக்கிள் இன்னும் இருக்கா? ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து பார்க்கலாமா? எப்ப வாங்கினது, பில் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க." பதில் வந்ததும், எதுக்காக விக்கிறாங்க, என்னென்ன பார்ட்ஸ் மாத்தியிருக்குன்னு கேளு.

போட்டோ மேல சந்தேகம் இருந்தா, அன்னிக்குத் தேதியை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி, சைக்கிள் சீட்டு மேல வச்சு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு. வண்டி கையில இருக்கிறவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. இல்லாதவர்தான் கோவிச்சுப்பார்.

3. நம்பரும் பில்லும் கேளு. சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கிடையாது. இது யாரோட வண்டின்னு சொல்றதுக்கு இருக்கிறது பில்லும், ஃபிரேம்ல அடிச்சிருக்கிற நம்பரும்தான். பெரும்பாலான சைக்கிள்ல பெடல் அச்சுக்கு அடியில, வண்டியைக் கவுத்துப் போட்டா தெரியற இடத்துல அந்த நம்பர் இருக்கும். பில்லுல நம்பர் எழுதியிருந்தா ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாரு. நம்பரைச் சுரண்டியிருந்தாலோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தாலோ, ஒரு வார்த்தை பேசாம வந்துடு.

திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கினாலும், அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலும், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுப்படி குற்றம். இருபதாயிரம் ரூபா வண்டியை, பில் இல்லாம, ரெண்டாயிரத்துக்கு ஒருத்தர் நீட்டினா, அந்த விலையே ஒரு காரணம்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளையே நேரா விக்கிறானா? அரசாங்கம் குடுக்கிற விலையில்லா சைக்கிளும் இப்படி விலைக்கு வர்றது உண்டு. அந்த வண்டி அந்தப் பிள்ளை ஸ்கூல் போறதுக்காகக் குடுத்தது, அதை வாங்காதே. மத்த வண்டின்னா, பெத்தவங்ககிட்ட பேசாம காசு நீட்டாதே. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க செய்யற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

4. பகல்ல போ, துணையோட போ. ராத்திரி தெரு விளக்குல எல்லா சைக்கிளும் புதுசாத்தான் தெரியும். அபார்ட்மென்ட் கேட், கடைத்தெரு, பெட்ரோல் பங்க் மாதிரி ஆள் நடமாட்டம் இருக்கிற இடமா சொல்லு. பக்கத்துல சைக்கிள் கடை இருந்தா இன்னும் நல்லது. கடைக்காரர்கிட்ட ஏதாவது குடுத்து ஒரு பார்வை பார்க்கச் சொன்னா, நீ அரை மணி நேரம் தடவிப் பார்க்கிறதை அவர் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவார்.

5. கடைக்காரர் இல்லேன்னா, இந்த வரிசையில நீயே பாரு.

ஃபிரேம்: ஹேண்டில் பாருக்குக் கீழ, ரெண்டு குழாயும் வந்து சேர்ற மூட்டைத் தடவிப் பாரு. பெயின்ட் சுருங்கியோ, மடிப்பு விழுந்தோ இருந்தா முன்னாடி எங்கேயோ பலமா மோதின வண்டி. வெல்டிங்ல மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். மத்த எதையும் மாத்தலாம். ஃபிரேம் போனா வண்டியே போச்சு.

ஹேண்டில்: முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. கழுத்துப் பக்கம் "டக் டக்"னா கப்பு லூஸ். டைட் பண்ணிக்கலாம், ஆனா விலையில சொல்லிக் காட்டு.

வீல்: தூக்கிப் பிடிச்சுச் சுத்தி விட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாரு. அங்கேயும் இங்கேயும் அலைஞ்சா கோட்டம். லேசான கோட்டம்னா கடையில எடுத்துடுவாங்க. ரிம்மே நசுங்கியிருந்தா புது ரிம் செலவு.

பெடல்: கிராங்கைப் பிடிச்சுப் பக்கவாட்டுல தள்ளிப் பாரு. ஆடுச்சுன்னா உள்ளே பேரிங்கைப் பார்க்கணும்.

சீட்டு: தூக்கி இறக்கிப் பாரு. வருஷக்கணக்கா அசைக்காம விட்ட சீட் குழாய் ஃபிரேமுக்குள்ளேயே துருப்பிடிச்சு ஒட்டிக்கும். உன் உயரத்துக்கு வராத வண்டியை மலிவா வாங்கி என்ன பண்ணப் போறே?

கியர் வண்டின்னா, பின்னாடி குனிஞ்சு நின்னு, கியர் மாத்தும்போது செயினை நகர்த்தற டீரெய்லரைப் பாரு. சக்கரத்துக்கு நேரா தொங்கணும். உள்பக்கம் வளைஞ்சிருந்தா வண்டி அந்தப் பக்கமா விழுந்திருக்கு. அதைத் தாங்கற ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும். தெருக்கோடிக் கடையில உடனே கிடைச்சுடாது.

6. செயினுக்கு ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போ. மாடு வாங்கப் போறவங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி, சைக்கிளுக்கும் பல்சக்கரமும் செயினும்தான் வயசைச் சொல்லும். பிள்ளையோட ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் பத்தாது. இஞ்ச் கோடு போட்ட 12 இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல் வேணும். பெடலை லேசா அழுத்திப் பிடிச்சு மேல் செயினை விறைப்பா வச்சுக்கோ. ஸ்கேலோட பூஜ்யத்தை ஒரு பின்னோட நடுவுல வை. பின்னுக்குப் பின் அரை இஞ்ச்ங்கிறதால, புது செயின்ல 12-வது இஞ்ச் கோடு சரியா இன்னொரு பின்னோட நடுவுல வந்து நிக்கும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒரு இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு நகர்ந்திருந்தா செயின் மாத்தணும். எட்டுல ஒரு பங்குன்னா, பின் பல்சக்கரமும் தேய்ஞ்சிருக்கும், ரெண்டுக்கும் சேர்த்துச் செலவு. விக்கிறவர் முன்னாடியே அளந்து காட்டு. பேரம் தானா நடக்கும்.

7. இன்னிக்குப் புது விலை தெரிஞ்சுக்கிட்டுப் பேரம் பேசு. "நான் வாங்கினப்போ பதினோராயிரத்து இருநூறு"ன்னு பழைய பில்லைக் காட்டுவாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரியில்லாம பத்தாயிரம் ரூபா வண்டி அன்னிக்கு 11,200, இன்னிக்கு 10,500. அதனால கடையில இன்னிக்கு என்ன விலைன்னு கேட்டுட்டுப் போ. நல்லா பராமரிச்ச, ரெண்டு மூணு வருஷ வண்டின்னா புது விலையில பாதியில பேச்சைத் தொடங்கறது என் வழக்கம். அதுல இருந்து டயர், செயின், ஓவராயில் கூலின்னு கண்ணுல பட்டதைக் கழிச்சுக்கிட்டே வா. குறை சொல்லும்போது வண்டியைச் சொல்லு, அவங்க வண்டி வச்சிருந்த லட்சணத்தைச் சொல்லாதே. ஒரு வார்த்தை தப்பினா ஐநூறு ரூபா குறையாது, ஏறும்.

விக்கப் போறவங்களுக்கு

8. கழுவித் துடைச்சு, செயின் பக்கம் தெரியற மாதிரி படம் எடு. காத்து அடிச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, வெளிச்சத்துல நிறுத்தி எடு. கீறல், துரு எங்கே இருக்கோ அதையும் கிட்டப் போய் எடுத்துப் போடு. மறைச்சா வீட்டு வாசல்ல வந்து சண்டை. முன்னாடியே சொல்லிட்டா பேரத்துக்கு ஒரு காரணம் குறையும். படத்துல பிள்ளை முகம், ஸ்கூல் ஐடி கார்டு, கதவு நம்பர் எதுவும் விழக் கூடாது.

9. விளம்பரத்துல நாலு விஷயம் இருந்தா போதும். பிராண்டும் மாடலும், வீல் சைஸ், வாங்கின வருஷம், இப்ப என்ன ரிப்பேர் இருக்கு. "சூப்பர் கண்டிஷன்"னு எழுதினா யாரும் நம்பறதில்லை. "பின் டயர் மாத்தணும், மத்தபடி ஓட்டலாம்"னு எழுதினா நம்புவாங்க. ஏரியா பேரு போடு, முழு விலாசம் வேண்டாம். போன் நம்பரைக் குடுக்காம ஆப்புக்குள்ளேயே சாட் பண்ணு. ஆள் வர்றது உறுதியானப்புறம் நம்பர் குடு.

10. ஓட்டிப் பார்க்கக் குடுக்கும்போது கூச்சப்படாதே. "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்"னு போனவன் அப்படியே போயிடறது உண்டு. கூட வந்தவர் உன்கூட நிக்கணும், இல்லேன்னா அவங்க வந்த பைக்கோட சாவி உன் கையில இருக்கணும். "தப்பா நினைக்காதீங்க தம்பி, எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேக்கறேன்"னு சிரிச்ச முகமா சொல்லு. ஒழுங்கான ஆள் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

11. ஸ்கிரீன்ஷாட்டைப் பணமா எண்ணாதே. "அனுப்பிட்டேன், பாருங்க"ன்னு அவங்க போன்ல பச்சை டிக் காட்டுவாங்க. அந்தப் படத்தை யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம். உன் பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் ஏறியிருக்கான்னு பார்த்தப்புறம்தான் வண்டி வாசலைத் தாண்டணும். சைக்கிளை ஏத்திட்டுப் போக குட்டியானை வந்து நின்னு டிரைவர் அவசரப்படுத்தினாலும் இதுல மாற்றம் இல்லை.

12. துண்டுச்சீட்டு ஒண்ணு எழுதிக்கோ. ஃபிரேம் நம்பர், தொகை, தேதி, ரெண்டு பேர் பேரும் கையெழுத்தும். ஆளுக்கொரு காப்பி. நாளைக்கு எங்கிருந்து வாங்கினேன்னு கேள்வி வந்தா வாங்கினவங்களுக்கு ஆதாரம். யாருக்கு வித்தேன்னு கேள்வி வந்தா உனக்கு.

ரெண்டு பேரும் தெரிஞ்சுக்க வேண்டிய மோசடி

ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கிறது "மிலிட்டரிக்காரர்" கதை. சாட் இப்படித்தான் போகும்:

"மேடம், நான் ஆர்மியில இருக்கேன். சைக்கிள் பிடிச்சிருக்கு. விலை ஓகே."

"வந்து பாருங்க சார்."

"டியூட்டியில இருக்கேன், ஆள் அனுப்பறேன். பணம் இப்பவே போடறேன். ஒரு க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுன்ட்ல வந்துடும்."

இங்கே நிறுத்து. யூபிஐ-ல பணம் வாங்கறதுக்கு ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டா பணம் உன்கிட்ட இருந்து போகும், அவ்வளவுதான். பேரமே பேசாம, வண்டியைப் பார்க்காம, கேட்ட விலைக்குத் தலையாட்டறவர்கிட்ட ஜாக்கிரதையா இரு.

இதே ஆள் விக்கிறவராவும் வருவார். "டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன், பார்சல் சார்ஜ் மட்டும் முன்னாடி போடுங்க"ன்னு ஐடி கார்டு படம் அனுப்புவார். சார்ஜ் போட்டா அடுத்து ஜிஎஸ்டி, அப்புறம் கேட் பாஸ்னு கேட்டுக்கிட்டே இருப்பார். ஐடி கார்டு உண்மையாவே இருக்கலாம், ஆனா அது வேற யாரோடதோ. ஓடிபி கேட்டாலும், ஏதோ ஒரு ஆப்பை டவுன்லோடு பண்ணச் சொன்னாலும் பிளாக் பண்ணிட்டுப் போ.

பணம் போயிடுச்சுன்னா அழுதுக்கிட்டு உக்காராதே. உடனே 1930-க்குப் போன் பண்ணு. எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள முடக்கறதுக்கு அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துலயும் புகார் பதியலாம். சாட்டை அழிக்காதே, அதுதான் சாட்சி. பேங்குக்கும் ஒரு போன் போடு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? வாங்கினவங்க முதல் வாரமே ஓவராயில் பண்ணி, பிரேக் கட்டை மாத்தி, ஒரு நல்ல பூட்டு வாங்கிடுங்க. வித்தவங்க அன்னிக்கு ராத்திரியே விளம்பரத்தை எடுத்துடுங்க. இல்லேன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் "லாஸ்ட் பிரைஸ்?"னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும்.