ஓதும் பிள்ளையின் செலவு யார் பொறுப்பு?



ஒரு பிள்ளை அரபி மத்ரஸாவில் பல ஆண்டுகள் ஓதி ஸனது வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். “இவனிடம் நல்ல விளக்கம் இருக்கிறது, ஹதீஸிலோ ஃபிக்ஹிலோ இன்னும் சில ஆண்டுகள் ஓதட்டும்” என்கிறார்கள் உஸ்தாதுமார்கள். வீட்டிலோ வாப்பாவுக்கு உடல் தளர்ந்துவிட்டது. தங்கைக்குக் கல்யாண வயது. “ஓதியது போதும், ஒரு பள்ளிவாசலில் இமாமத்துக்குச் சேர்ந்துகொள்” என்று முடிவாகிறது. குடும்பத்தாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுந்த ஓர் ஆலிமை நாம் இழப்பது இந்த இடத்தில்தான். இப்படிப்பட்ட பிள்ளையின் செலவுக்கு மார்க்கம் என்ன வழி காட்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முன்னோர் எப்படி ஓதினார்கள்?

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ‘அஹ்லுஸ் ஸுஃப்பா’ தோழர்களுக்கு வீடும் இல்லை, வியாபாரமும் இல்லை. மதீனாவாசிகள் அவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அந்தத் திண்ணையில் இருந்தவர்களே. மற்றவர்கள் கடைவீதியிலும் தோட்டத்திலும் இருந்த நேரத்தில் அவர்கள் வயிறு நிறைந்தால் போதும் என்று நாயகத்தைப் பிரியாமல் இருந்ததன் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

உமர் (ரலி) அவர்களின் வழி வேறு. அவர்களும் அன்ஸாரியான அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் நாயகத்தின் சபைக்குப் போவார், மறுநாள் மற்றவர் போவார். கேட்டதை மாலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பிழைப்பும் கெடவில்லை, கல்வியும் கெடவில்லை.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் தாயாரிடம் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஆசிரியர் இல்லாதபோது மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே அந்த ஆசிரியர் கூலியாக ஏற்றுக்கொண்டார். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கேட்க யமன் போகும் வழியில் பணம் தீர்ந்துபோக, ஒட்டகக்காரர்களிடம் கூலிக்கு உழைத்தார்கள். வறுமையால் படிப்பை விட இருந்த அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களைப் பட்டு வியாபாரியான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் பணத்தால் தாங்கினார்கள். பிற்காலத்தில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை காஜியானவர் அந்த மாணவர்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. தகப்பனார் விட்டுச்சென்ற சிறு தொகை தீர்ந்தபோது, “சோறு போடும் மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று அவர்களையும் தம்பியையும் பொறுப்பாளர் அனுப்பிவைத்தார். வயிற்றுக்காகப் போன அந்தப் பிள்ளை 1091இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியரானார். மாணவருக்கு இடமும் உணவும் வக்ஃபு சொத்துக்களின் வருமானத்திலிருந்து கிடைத்த காலம் அது.

ஜகாத் கொடுக்கலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. “திடகாத்திரமான வாலிபன், உழைத்துச் சாப்பிடட்டுமே” என்பார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஃ’ நூலில் இதைத் தெளிவாக்குகிறார்கள். உழைக்கச் சக்தி இருந்தும், உழைக்கப் போனால் மார்க்கக் கல்வி தடைப்படும் என்ற நிலையில் உள்ளவருக்கு ஜகாத் ஆகும். ஏனெனில் அக்கல்வி பர்ளு கிபாயா. ஆனால் ஓதித் தேறும் தகுதி இல்லாதவருக்கு, அவர் மத்ரஸாவில் தங்கியிருந்தாலும், உழைக்க முடியுமானால் ஆகாது. உழைப்பை விட்டு நஃபிலான வணக்கத்தில் மூழ்குபவருக்கும் ஆகாது. ஷாபிஈ மத்ஹபின் நிலை இது.

ஹனஃபி மத்ஹபில் தேவைக்கு மேல் நிஸாபு அளவு பொருள் இல்லாதவருக்கு, அவர் உடல் வலுவுள்ளவரானாலும் ஜகாத் கொடுக்கலாம். பணம் அவருக்கு உரிமையாக்கப்பட வேண்டும். கட்டடம் கட்ட ஜகாத் பணம் ஆகாது.

வீட்டார் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. தம் பொறுப்பில் உள்ள மகனின் செலவுக்குத் தகப்பன் தம் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. ஏழையான சகோதரர் மகனுக்கோ சகோதரி மகனுக்கோ கொடுக்கலாம். அதில் தர்மத்தின் நன்மையும் உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு. நாயகத்தின் வம்சத்தாருக்கு ஜகாத் கொடுக்காமல் ஹதிய்யாவாகக் கொடுக்க வேண்டும்.

இன்றைய வழிகள்

தேவ்பந்து தாருல் உலூம் 1866இல் தொடங்கியபோது அரசின் பணத்தை நம்பாமல் பொதுமக்களின் சிறு சிறு நன்கொடைகளையே நம்புவது என்று அதன் முன்னோர் கொள்கை வகுத்தார்கள். 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் அளித்துவருகிறது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவர் யு.ஜி.சி. சார்பில் நடத்தப்படும் ‘நெட்’ தேர்வை எழுதலாம். அரபியும், அரபுப் பண்பாடு–இஸ்லாமியக் கல்வியும் அதில் பாடங்களாக உள்ளன. தேர்வில் மேல்நிலை பெறுபவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. சிறுபான்மை மாணவருக்காக 2009இல் வந்த மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகை 2022–23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி யாரும் திட்டமிட வேண்டாம்.

வட்டிக் கடன் வாங்கி மார்க்கம் ஓதுவது பொருந்தாது. அதற்குப் பதில் ஜமாஅத்தார் ‘கர்ளு ஹஸன்’ நிதி ஒன்று வைக்கலாம். மாணவர் வட்டியின்றி வாங்கி, சம்பாதிக்கும் காலத்தில் தவணையாகத் திருப்பினால் அந்தப் பணமே அடுத்த மாணவருக்குப் போய்ச்சேரும். மாலை மக்தப் வகுப்பை மேல்படிப்பு மாணவரிடம் ஒப்படைத்து நியாயமான சம்பளம் கொடுப்பதும் நல்ல வழியே.

மானம் காக்க வேண்டும்

அல்லாஹ்வின் பாதையில் ஒதுங்கி, பொருள் தேட முடியாமல் இருப்பவர்களைப் பற்றித் திருமறையின் 2:273 வசனம் பேசுகிறது. அவர்கள் கையேந்தாததால் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என எண்ணுவர் என்பது அதன் கருத்து. ஆகவே அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பது சரியல்ல. ஓத வேண்டிய பிள்ளையை ரசீதுப் புத்தகத்துடன் வீடுவீடாக அனுப்புவதும் சரியல்ல. வசூல் நிர்வாகிகளின் வேலை. கணக்கை ஜமாஅத்தார் முன் வைப்பதும் அவர்கள் கடமையே.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் இரு சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவர் உழைத்தார், மற்றவர் நாயகத்தின் சபையில் கற்றார். உழைத்தவர் வந்து முறையிட்டபோது, உமக்கு ரிஸ்க் கிடைப்பதே அவர் பொருட்டாக இருக்கலாமே என்ற கருத்தில் நாயகம் பதிலளித்ததாகத் திர்மிதியில் வருகிறது.

“நாம் அவனுக்குச் சோறு போடுகிறோம்” என்று எண்ணும் வீட்டார் இதைச் சிந்திக்கட்டும். ஓதும் பிள்ளைகளும் தங்கள் கையில் வருவது பிறரின் வியர்வை என்பதை மறவாமல் ஓதட்டும். அல்லாஹு தஆலா கொடுப்பவரின் கொடையையும் ஓதுபவரின் கல்வியையும் கபூல் செய்வானாக! ஆமீன்.