வில்லுக்கான சூட்டுப்பெட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடுவில் மெல்லிய மரப் பட்டைகள், முன்னும் பின்னும் ஃபைபர்கிளாஸ் பட்டைகள், எல்லாவற்றையும் பிணைக்க எபாக்சிப் பசை. இந்த வகை வில் அமெரிக்காவில் 1950களில் பரவலானது. மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊரில் இருந்த ஃப்ரெட் பேரின் தொழிற்சாலை அதைப் பெருமளவில் செய்து விற்றது. இன்று அதே வில்லை அங்கே பலர் தங்கள் கராஜிலேயே செய்கிறார்கள். பட்டைகளை அச்சுப் பலகையில் அடுக்கி, பசை பூசி, இறுக்கிக் கட்டி, ஆறேழு அடி நீளமுள்ள ஒரு ப்ளைவுட் பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டியின் உட்புறத்தில் வெப்பம் காக்கும் அட்டை, சில குண்டு பல்புகள், ஒரு தெர்மோஸ்டாட். சில மணி நேரம் கழித்து வில் வெளியே வரும்.

பெட்டி எளிமையானதுதான். அதற்குள் இருக்கும் சூட்டைப் பற்றிய நம்பிக்கைகள்தான் சிக்கலானவை. பெரும்பாலும் பெட்டியின் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். பசை உணரும் சூட்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பழுதான வில்களில் கணிசமானவை இந்த இடைவெளியில் விழுந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: எபாக்சி அறை வெப்பத்திலேயே இறுகிவிடும், பெட்டி அவசரக்காரர்களுக்கு மட்டும்.

பாதிதான் உண்மை. அறை வெப்பத்தில் இறுகக்கூடிய எபாக்சிகள் ஒரு நாளில் கல் போலாகிவிடும். வில்லும் வளையும், அம்பும் பாயும். ஆனால் அந்தப் பசைக்கு ஓர் எல்லை உண்டு. இறுகிய எபாக்சியை மெல்லச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது கண்ணாடித் தன்மையை இழந்து ரப்பர் போல இளகத் தொடங்கும். அந்த எல்லை எங்கே விழும் என்பதைப் பசையின் வகை மட்டுமல்ல, அது எந்தச் சூட்டில் இறுகியது என்பதும் தீர்மானிக்கிறது.

காரணம் இதுதான். பசையின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய, அவற்றுக்கு அசைய இடம் வேண்டும். பிணைப்பு கூடக் கூடப் பசை கெட்டியாகி, அசைவு நிற்கிறது. 25 டிகிரியில் இறுகும் பசை, தன் இளகும் எல்லை அதைவிடச் சற்று மேலே, சுமார் 45 அல்லது 50 டிகிரிக்குப் போனதும், உறைந்து நின்றுவிடும். வினை முடிந்துவிடவில்லை, நகர வழியில்லாமல் நிற்கிறது. பிறகு மேலும் சூடு கொடுத்தால் மீதி பிணைப்புகளும் நடந்து, எல்லை மேலே ஏறும்.

இப்போது அந்த வில்லைக் கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். அரிசோனாவானாலும் திருச்சியானாலும் உள்ளே 60 டிகிரி எளிதில் தாண்டும். நாண் ஏற்றிய வில்லில் பசைக்கோடு எப்போதும் இழுவையில் இருக்கிறது. இளகிய பசை வழுக்கும், பட்டை பிரியும். பெட்டிக்குள் 70 முதல் 80 டிகிரி வரை கொடுப்பதன் முதல் பயன் இந்தத் தாங்குதிறன்தான். நேரம் மிச்சமாவது அடுத்த பயன். அறை வெப்பத்தில் ஒட்டியவர்களும், அச்சிலிருந்து கழற்றாமல் பின்னர் பெட்டியில் வைத்துச் சூடேற்றி இந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்யலாம்.

நம்பிக்கை: தெர்மாமீட்டர் 80 காட்டினால் வில்லும் 80-இல் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இந்த நம்பிக்கை. தெர்மாமீட்டர் தான் தொங்கும் இடத்தின் காற்றைத்தான் அளக்கிறது. பெட்டியின் காற்று கால் மணி நேரத்தில் சூடாகிவிடும். ஆனால் மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். கைப்பிடிப் பகுதி ஐந்து சென்டிமீட்டர் கனம் உடையது; அதைப் பிடித்திருக்கும் அச்சும் கனமான மரம். மேற்பரப்பிலிருந்து நடுவுக்குச் சூடு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆவது இயல்பு. வில்லின் மெல்லிய நுனிகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆக, ஒரே வில்லின் நுனியில் பசை இறுகி முடித்திருக்கும்போது, கைப்பிடியின் உள்ளே அது இன்னும் வெதுவெதுப்பில் இருக்கும்.

எபாக்சியின் வினை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகும் என்பது வேதியியலில் வழக்கமாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அதன்படி 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் வேகம் 32 மடங்கு. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆனாலும் அனுபவமுள்ளவர்கள் நான்கு, ஐந்து, ஆறு மணி நேரம் வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி மரம் சூடேறுவதற்கானது. கடிகாரத்தை விளக்குப் போட்ட நேரத்திலிருந்து ஓட்டக்கூடாது. வில்லின் மிக மந்தமான புள்ளி குறித்த சூட்டை எட்டிய நேரத்திலிருந்து ஓட்ட வேண்டும்.

அந்தப் புள்ளியை எப்படி அறிவது? மெல்லிய கம்பி போன்ற தெர்மோகப்புள் உணரி மலிவாகவே கிடைக்கிறது. பட்டைகளை ஒட்டும்போது, பின்னால் சீவி எறியப்போகும் ஓரத்தில், கைப்பிடியை ஒட்டி, பசைக்கோட்டுக்குள் அதன் முனையைச் செருகிவிடுங்கள். இன்னொன்று நுனியில், மூன்றாவது காற்றில். ஒரே ஒரு முறை இந்த மூன்றையும் குறித்து வைத்தால் போதும். உங்கள் பெட்டியின் குணம் முழுதும் தெரிந்துவிடும். அதற்கு முன் உணரிகளைச் சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் நீரில் 100. ஊட்டியில் சோதித்தால் கொதிநிலை 92, 93 அருகில்தான் இருக்கும், உயரம் அப்படி. உணரியைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

காற்றும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. சூடான காற்று மேலே ஏறுவதால், விசிறி இல்லாத பெட்டியில் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் பத்து டிகிரிக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். சின்ன விசிறி ஒன்று இதைத் தீர்க்கும். கணினி விசிறிகள் பலவும் 60, 70 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால், மோட்டாரைப் பெட்டிக்கு வெளியே வைத்து இறக்கையை மட்டும் உள்ளே விடுவது நல்லது.

நம்பிக்கை: சூடு கூடக் கூட ஒட்டு வலுக்கும்.

பசை வேதிவினை தொடங்கி ஜெல்லாகும் முன், சூட்டில் நீர்த்துப் போகிறது. மேலிருந்து இறுக்கமும் இருப்பதால் அது ஓரங்களில் வழிந்தோடி, மரத்துக்கும் கண்ணாடி இழைக்கும் நடுவில் பசையே போதாத இடங்கள் உண்டாகும். மெதுவாகச் சூடேற்றினாலோ, சில மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டுப் பின் சூடேற்றினாலோ இது தவிர்க்கப்படும்.

அழுத்தத்துக்குக் காற்றடைத்த தீயணைப்புக் குழாயைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 30 டிகிரியில் 60 பிஎஸ்ஐ வைத்து வால்வை மூடினால், பெட்டி 80 டிகிரிக்கு ஏறும்போது அழுத்தம் சுமார் 72 ஆகிவிடும். குளிர்ந்த நிலையில் சரியாக வைத்த அழுத்தம் சூட்டில் சரியாக இருப்பதில்லை. பழைய குழாயும் பலவீனமான அச்சும் அந்த நேரத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அதனால் முகம் பெட்டிக்கு மேல் குனிந்திருக்கக் கூடாது.

அமெரிக்கக் குறிப்புகள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 160 என்றால் நமக்கு 71, 180 என்றால் 82. பசையைத் தயாரித்தவரின் தாளில் உள்ள எண்ணே இறுதி. அதற்கு மேல் போனால் மரம் தன் ஈரத்தை இழந்து சுருங்கும், பிளவும் வரலாம்.

நம்பிக்கை: விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது.

சாதாரண தெர்மோஸ்டாட் சூடு குறைந்தால் பல்பை எரியவிடும், கூடினால் அணைக்கும். காற்று மேலும் கீழும் மூன்று நான்கு டிகிரி ஊசலாடும். தடித்த மரம் அந்த ஊசலாட்டத்தை உள்ளே விடாது. பசைக்கோட்டில் அது ஏறத்தாழ மறைந்துபோகும். நுட்பமான கருவிகள் மோசமானவை என்று சொல்லவில்லை. ஆனால் காசை முதலில் உணரியை வைக்கும் இடத்துக்கும், விசிறிக்கும், பாதுகாப்புக்கும் செலவிடுங்கள். மின்னணு ரிலேக்கள் பழுதாகும்போது மூடிய நிலையிலேயே நின்றுவிடுவது உண்டு. அப்போது பல்பு அணையாது. தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர் இணைப்பில், 95 அல்லது 100 டிகிரியில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு கருவி இருந்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பவரின் பெட்டியை நான் வீட்டுக்குள் வைக்க விடமாட்டேன்.

நம்பிக்கை: எந்த பல்பும் போதும், எந்த ஒயரும் போதும்.

எல்இடி சூடு தருவதற்கானது அல்ல. அதற்குள் இருக்கும் மின்னணுப் பாகங்களும் 80 டிகிரியில் நீடிக்காது. குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகவே தருகிறது. இரண்டு மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட, 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் பொதிந்த பெட்டி, வெளியே 30-உம் உள்ளே 75-உம் இருக்கும்போது சுமார் 220 வாட்டை இழக்கும். நான்கு 100 வாட் பல்புகள் போதும். அமெரிக்காவில் 2023 ஆகஸ்டிலிருந்து சாதாரண குண்டு பல்புகளின் விற்பனை பெரும்பாலும் நின்றுவிட்டதால், ஊர்வன வளர்ப்பவர்கள் வாங்கும் பீங்கான் வெப்ப உமிழிகளுக்குப் பலர் மாறியிருக்கிறார்கள்.

பல்பின் நேரடிக் கதிர் வில்லில் பட்டால் அந்த இடம் மட்டும் காந்தும். நடுவே ஒரு தகடு தடுப்பு வையுங்கள். தெர்மோகோல் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பல்புக்கு அருகே அது கூடவே கூடாது. வீட்டு மின்சாரத்துக்கு நாம் வாங்கும் பிவிசி ஒயரின் தாங்கும் எல்லை 70 டிகிரிதான். பெட்டிக்குள் சிலிக்கோன் உறை போட்ட ஒயரும் பீங்கான் ஹோல்டரும் போடுங்கள்.

நம்பிக்கை: நேரம் முடிந்ததும் எடுத்துவிடலாம்.

சூடாக இருக்கும் பசை இன்னும் முழு வலுவில் இல்லை. அப்போது கட்டை அவிழ்த்தால் வளைவு மாறும். விளக்கை அணைத்துப் பெட்டியை மூடியே, ராத்திரி முழுதும் இறுக்கத்தோடு விடுங்கள்.

நம்பிக்கை: எல்லா வில்லுக்கும் இதே பெட்டி, இதே சூடு.

கொரியாவின் கொம்பு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மரம், மூங்கில், நீரெருமைக் கொம்பு, மாட்டு நரம்பு ஆகியவற்றை மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டிச் செய்வது அது. வில், அம்பு செய்யும் இந்தக் கைத்திறனைக் கொரிய அரசு 1971-இல் பாதுகாக்க வேண்டிய மரபாக அறிவித்தது. அங்கே வில்லை வைப்பதற்கென்றே சூடூட்டும் பெட்டி உண்டு. ஆனால் அதன் சூடு உடல் வெப்பத்துக்கும் கீழே, மிதமானது. வேலையும் வேறு: வினையைத் தூண்டுவதல்ல, நீரை மெல்ல வெளியேற்றி வில்லை வறண்ட நிலையில் வைத்திருப்பது. ஈரம் மிச்சமிருக்கும் அந்தப் பசையை எபாக்சிக்குரிய 80 டிகிரியில் வைத்தால் அது திரும்பவும் கூழாகும், நரம்பு அவிழும். பச்சை மரத்துண்டுகளை அதே பெட்டியில் அவசரமாகக் காயவைத்தால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி வெடிக்கும்; மரத்துக்கு 35, 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், அதுவும் ஓரளவு காய்ந்த பிறகே. வெள்ளைப் பசை எனும் பிவிஏ சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வகை என்பதால் அதை அடுக்கு வில்லுக்குப் பயன்படுத்தவே கூடாது. பசை எது என்று முடிவு செய்த பின்தான் பெட்டியின் குமிழைத் திருப்ப வேண்டும்.