புதுப்பித்த பின் பழுதுபட்ட கணினி: பஞ்சாயத்துகள் கைக்கொள்ள வேண்டிய முறை

கிணற்றுப் பம்புசெட்டு ஒரு நாள் ஓடாமல் நின்றுவிட்டால், அனுபவமுள்ள விவசாயி உடனே மோட்டாரை வெளியே தூக்கிவிடுவதில்லை. முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு பியூஸ், ஸ்டார்ட்டர், ஒயர் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கிறார். இவை யாவும் சரியாக இருந்தால்தான் மோட்டாரில் கை வைக்கிறார். இந்த வரிசையே அவருடைய பணத்தையும் பொழுதையும் காப்பாற்றுகிறது. இன்று பஞ்சாயத்து அலுவலகங்களில் இடம் பெற்றுவிட்ட கணினிக்கும் இதே முறை பொருந்தும். கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் ஏதேனும் ஒரு வேலை நடைபெறாமற் போகுமானால், இந்த வரிசையை மறவாமல் கைக்கொள்வது மிகவும் அவசியமாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலுள்ள பெரிய தோல் தொழிற்சாலைகள் கணினிகளைக் கவனிப்பதற்கென்றே ஆட்களை வைத்துக்கொள்ள முடியும். சோளிங்கர் வட்டாரத்துக் கிராமப் பஞ்சாயத்துக்கு அந்த வசதி இல்லை. வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு ஆகிய அனைத்தையும் கவனிக்கும் பஞ்சாயத்துச் செயலரே கணினியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உறுப்பினர்களும் இவ்விஷயத்தின் அடிப்படைகளை அறிந்திருப்பது நலம்.

புதுப்பிப்பு என்றால் என்ன?

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் நடக்கும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை ஏற்பாடு. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் வழக்கிலிருப்பது விண்டோஸ் என்னும் இயங்குதளம். அதை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று திருத்தங்களை வெளியிடுகிறது. நம் நாட்டில் அவை அன்றிரவு முதல் வந்து சேரத் தொடங்குகின்றன. இதையே ‘அப்டேட்’ என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த வாரத்தில் திடீரென்று ஒரு குறை தோன்றினால், அதற்குக் காரணம் புதுப்பிப்பாக இருக்கலாம் என்று முதலில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது.

பிரிண்டர், விரல்ரேகைக் கருவி, மின்னணுக் கையொப்பச் சாதனம் போன்ற ஒவ்வொரு கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே ‘டிரைவர்’ எனப்படும் சிறு நிரல் ஒன்று பாலமாக நிற்கிறது. இயங்குதளம் மாறிப் பாலம் மாறாமல் நின்றுவிட்டால் போக்குவரத்து தடைப்படும். இரு கரையும் நன்றாகவே இருக்கும்; இடையிலுள்ள பாலம் ஒன்றே பழுது. புதுப்பிப்பை ஒட்டித் தோன்றும் பல குறைகளின் இரகசியம் இதுதான்.

புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா?

வம்பு எதற்கு என்று புதுப்பிப்பையே நிறுத்திவிடுவோர் உண்டு. அது களைக்குப் பயந்து விதைக்காமல் விடுவதைப் போன்றதாகும். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைத்து, அவற்றை விடுவிக்க 300 டாலர் கேட்டது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. அண்டையிலுள்ள ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களின் போலீஸ் கணினிகளும், கேரளத்தின் வயநாட்டில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதியன்று, வெளிவந்திருந்தது. அதனை உரிய காலத்தில் ஏற்றுக்கொண்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது புக முடியவில்லை.

ஆயினும் புதுப்பிப்பு எப்போதும் தீங்கற்றது என்றும் சொல்வதற்கில்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்டு, நவம்பர் 13ஆம் தேதி மீண்டும் வெளியிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின், சில வகைப் பிரிண்டர்களில் அச்சிட முயன்றவுடன் கணினி நீலத்திரை காட்டி நின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, விண்டோஸ் கணினிகளில் இயங்கும் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் ஒரே நாளில் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

ஆகவே, புதுப்பிப்பை ஏற்கவும் வேண்டும். அது தவறினால் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் நம்மிடம் இருக்க வேண்டும்.

எது கணினியில் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது?

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி தொடங்கப்பெற்ற ‘இ-கிராம் சுவராஜ்’ தளத்தில் பதிவான திட்டங்களும் கணக்குகளும் அரசின் சர்வரில் இருக்கின்றன. பட்டா, சிட்டா விவரங்களும் அவ்வாறே. சேவை மையத்துக் கணினி பழுதடைந்தால் விவசாயியின் பட்டாவுக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. வேறொரு மையத்திலும் அதனைப் பெறலாம். ஆனால், தீர்மானங்களின் நகல், மதிப்பீடுகள், பணிகளின் புகைப்படங்கள், நிலுவைப் பட்டியல், கடிதங்கள் ஆகியவை பெரும்பாலும் அந்த ஒரே கணினியின் முகப்புத் திரையில் கிடக்கின்றன. கணினி போனால் அவையும் போகும். இந்த வேற்றுமையை உணர்ந்தவர்கள், அழியக்கூடியவற்றை வாரம் ஒருமுறை வேறொரு சேமிப்பகத்தில் நகல் எடுத்து வைப்பார்கள். நகல் எடுத்தபின் அந்தச் சேமிப்பகத்தைக் கணினியிலிருந்து கழற்றிப் பெட்டியில் பூட்டிவைப்பது முக்கியம். செருகியே இருந்தால், கோப்பைப் பூட்டும் தீநிரல் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சோதிக்கும் வரிசை

சோளிங்கர் ஒன்றியத்தில் ஒரு பஞ்சாயத்தை எண்ணிக்கொள்வோம். புதன்கிழமை காலையில் கணினி புதுப்பித்துக்கொண்டது. அன்று மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கும், குழாய் பழுதுபார்த்தவருக்கும் பணம் அனுப்பக் கையொப்பமிட வேண்டும். மின்னணுக் கையொப்பச் சாதனத்தைச் செருகினால் கணினி அதைக் காணவில்லை என்கிறது. பணம் ஒரு நாள் தாமதித்தால் அந்த இரண்டு குடும்பங்களின் கையிருப்பு குறைகிறது. இந்நிலையில் செய்ய வேண்டியவை வருமாறு.

முதலாவது, கணினி தன் வேலையை முடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய கணினியில் புதுப்பிப்பு முழுமையடைய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சதவிகிதம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கையில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவது பெருங்கேடு. முடிந்தபின் ‘ரீஸ்டார்ட்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி தொடங்குவது இதற்கு ஈடாகாது. விரைவுத் தொடக்க வசதியின் காரணமாகப் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே நினைவில் தங்கிவிடும்.

இரண்டாவது, குறையை எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எது வேலை செய்யவில்லை, எது வேலை செய்கிறது, திரையில் தோன்றிய வாசகமும் எண்ணும் யாவை, கடைசியாக எப்போது சரியாக இருந்தது ஆகிய நான்கும் போதும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘விண்டோஸ் அப்டேட்’ என்பதனுள் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்தால், எந்தப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் ஏறியது என்பது தெரியும். அந்தத் தேதிக்கு முன்பே குறை இருந்திருந்தால் புதுப்பிப்பின் மீது பழி இல்லை.

மூன்றாவது, மாற்றிப் பார்க்க வேண்டும். கையொப்பச் சாதனத்தை வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகலாம், பிறகு வேறொரு கணினியில் செருகலாம். அங்கே வேலை செய்தால் சாதனம் நன்றாயிருக்கிறது. நம் கணினியிலுள்ள டிரைவரே குறையுடையது. அங்கும் வேலை செய்யாவிடில் சாதனமே பழுது. கணினியைக் குடைவதில் பயனில்லை. இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

நான்காவது, பாலத்தைச் சீர்செய்ய வேண்டும். சாதனத்தை வழங்கியவர்களின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து டிரைவரையும் துணை நிரலையும் பெற்று மீண்டும் நிறுவலாம். ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் மஞ்சள் குறி தோன்றும் கருவியே குறையுள்ளது. அண்மையில் டிரைவரே மாறியிருந்தால், ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதன் மூலம் முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம்.

ஐந்தாவது, இவை எதனாலும் பயனில்லையெனில் புதுப்பிப்பையே நீக்கலாம். மாதாந்தரத் திருத்தத்தை ‘அப்டேட் ஹிஸ்டரி’யின் கீழுள்ள ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ வழியாக நீக்க இயலும். விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால், ‘ரெக்கவரி’ பகுதியிலுள்ள ‘கோ பேக்’ மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இதற்குப் பொதுவாகப் பத்து நாட்களே தவணை. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அதற்குள் அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். நீக்கிய பிறகு புதுப்பிப்பைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கலாம்; நிரந்தரமாக நிறுத்துவது கூடாது.

அடிக்கடி காணும் வேறு சில குறைகள்

பிரிண்டர் அச்சிடவில்லையெனில், தேங்கிக் கிடக்கும் அச்சுப் பணிகளை நீக்கி, ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், பாதுகாப்பைக் கருதி, பிரிண்டர் டிரைவரை நிறுவ நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. அது பழுதன்று, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்துவைத்திருந்தால் போதும்.

விண்டோஸை முற்றிலும் புதிதாக நிறுவிய பின் பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால், தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் தோன்றுவதுண்டு. கடிதம் அழிந்துவிடவில்லை, அது ‘வானவில்’ போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் எழுத்துகள் திரும்பும். புதிய கடிதங்களை யூனிகோடு முறையில் அடித்தால் இத்தொல்லை எழாது.

கணினி தொடங்கவே மறுத்தால் அச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை தொடக்கம் தவறியபின் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அங்கிருந்தும் கடைசிப் புதுப்பிப்பை நீக்கலாம். சில கணினிகள் அப்போது 48 இலக்கம் கொண்ட ‘பிட்லாக்கர்’ எண்ணைக் கேட்கும். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதப் புதுப்பிப்பை ஏற்ற கணினிகள் சிலவற்றில் இந்தத் திரை எதிர்பாராமல் தோன்றியது. அந்த எண் இல்லாமல் கோப்புகளை மீட்க இயலாது. கணினி நன்றாக இருக்கும்போதே அதைக் கண்டறிந்து தாளில் எழுதி, பஞ்சாயத்தின் பெட்டியில் வைக்க வேண்டும்.

செய்யத்தகாதவை

எடுத்தவுடன் ‘பார்மட்’ செய்யுமாறு கடைக்காரரிடம் கணினியை ஒப்படைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறாகும். பியூஸ் போனதற்கு மோட்டாரையே உடைப்பதற்கு ஒப்பானது அது. நகல் எடுக்கப்பட்டதா என்று சரிபார்க்காமல் எவரும் பார்மட் செய்யக்கூடாது என்பதைப் பஞ்சாயத்து ஒரு விதியாகவே வகுத்துக்கொள்ளலாம்.

திரையில் திடீரெனத் தோன்றும் தொலைபேசி எண்ணை அழைப்பதும் ஆபத்து. மைக்ரோசாப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இராது. தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்கும் அந்நியருக்கு இணங்கினால் கையொப்பமும் பணமும் பறிபோகலாம். அப்படி நேர்ந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கையொப்பச் சாதனத்தின் கடவுச்சொல்லை அதன் மீதே ஒட்டிவைப்பதும், நினைவில்லாமல் பலமுறை தவறாக இட்டுச் சாதனம் பூட்டிக்கொள்ளுமாறு செய்வதும் தவிர்க்கத்தக்கவை.

பழைய கணினிகள்

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்தன. நீட்டிப்பு ஏற்பாட்டில் சேராத விண்டோஸ் 10 கணினிக்கு இனித் திருத்தம் வாராது. புதுப்பிப்பு நின்றதால் தொல்லையும் நின்றது என்று மகிழ்வதற்கில்லை; ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற கணினியைப் பணப்பட்டுவாடாவுக்குப் பயன்படுத்தாமல், வேறு வேலைக்கு ஒதுக்கி, புதியதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடமளிப்பதே விவேகம். அரசு வழங்கிய மடிக்கணினிகளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் வீடுகளுக்கும், வங்கி அலுவல்களைப் பொறுத்தவரை, இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்த கூட்டத்தில்

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் பொருள்நிரலில் மூன்று காரியங்களைச் சேர்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணினிக்கென ஒரு பதிவேடு தொடங்கி, ஒவ்வொரு புதுப்பிப்பையும் குறையையும் தேதியுடன் எழுதுவது ஒன்று. நகல் எடுக்கும் சேமிப்பகம் ஒன்றை வாங்கி, வாரத்தில் எந்த நாள், யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது இரண்டு. பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாளே கையொப்பச் சாதனத்தையும் பிரிண்டரையும் சோதித்துப் பார்ப்பது மூன்று. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். இவற்றைச் செய்துவிட்ட பஞ்சாயத்தில், புதன்கிழமை ஏற்பட்ட குறைக்காகத் தொட்டி இயக்குபவர் அடுத்த வாரம் வரை கூலிக்குக் காத்திருக்க நேராது.